டெலஸ்கோப் வாங்கப் போறீங்களா? பாண்டி, கடலூர் வாசகர் கேள்விகளுக்கு பதில்

பொங்கல் முடிஞ்சு மழை மேகம் கலைஞ்சா போதும், டெலஸ்கோப் கேள்வியா வந்து குவியுது. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து, நீளமா எழுதினவங்களோடதை கொஞ்சம் வெட்டி இங்க போட்டிருக்கேன். விலை எல்லாம் கடைக்கு கடை, மாசத்துக்கு மாசம் மாறும், அதனால விலையை விட எதைப் பார்த்து வாங்கணும்ங்கறதுல தான் கவனம் வச்சிருக்கேன்.

கேள்வி: பையன் எட்டாவது படிக்கிறான். ஸ்கூல்ல இருந்து லாஸ்பேட்டை கோளரங்கத்துக்கு கூட்டிட்டு போனாங்க, அன்னையில இருந்து டெலஸ்கோப் வேணும்னு ஒரே அடம். எங்களால 12,000 வரைக்கும் போட முடியும். ஆன்லைன்ல 5,000 ரூபாய்க்கே 675 பவர்னு ஒண்ணு இருக்கு, ஆனா 12,000 கிட்ட இருக்கறதுல 140 பவர் தான்னு போட்டிருக்கான். விலை ஜாஸ்தி, பவர் கம்மி, இது என்ன கணக்கு சார்? (லாஸ்பேட்டையில இருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, 140-னு போட்டிருக்கறவன் தான் உண்மை பேசுறான். 675 எங்கேந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம், டெலஸ்கோப்போட போகல் லெங்த்தை (லென்ஸ்ல இருந்து வெளிச்சம் குவியற புள்ளி வரைக்கும் உள்ள தூரம்) ஐபீஸோட, அதாவது கண்ணை வச்சுப் பார்க்கற சின்ன லென்ஸோட, போகல் லெங்த்தால வகுத்தா வர்றது தான் பவர், அந்தக் குழாய் 900 எம்எம், கூட ஒரு 4 எம்எம் ஐபீஸ் குடுக்கறான், வகுத்தா 225, அப்புறம் 3 எக்ஸ் பார்லோன்னு ஒரு பிளாஸ்டிக் லென்ஸையும் பாக்கெட்ல போட்டுட்டு மூணால பெருக்கறான், வந்துடுச்சு 675. கணக்குல தப்பே இல்ல. ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. முன்னாடி இருக்கற லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் பிடிக்குதோ அவ்வளவு தான் சரக்கு, அதுக்கு மேல பெரிசு பண்றது ஒரு டம்ளர் பால்ல ஒரு குடம் தண்ணி ஊத்தற கதை தான்.

பொதுவா வானம் நல்லா இருந்தா லென்ஸோட அகலத்துல ஒரு எம்எம்முக்கு 2 பவர் வரைக்கும் போகலாம்னு வச்சுக்கங்க. 70 எம்எம் லென்ஸ்னா 140. அதுவே உச்சம், தினமும் கிடைக்காது. 1610-ல கலிலியோ வியாழனோட நாலு நிலாவைப் பார்த்தது சுமார் 20 பவர் குழாயில தான், அதனால பவர் கம்மின்னு பயப்படவே வேண்டாம். டப்பா மேல பவரை பெரிய எழுத்துல போட்டு லென்ஸ் சைஸை பொடி எழுத்துல போட்டிருந்தா அந்த டப்பாவைத் தொடாதீங்க, இது ஒண்ணு மட்டும் ஞாபகம் இருந்தாலே பாதி ஏமாத்து வேலையில இருந்து தப்பிச்சிடலாம்.

உங்க பட்ஜெட்டுக்கு 70 எம்எம் ரிஃப்ராக்டர் (முன்னாடி லென்ஸ் வச்ச டெலஸ்கோப்), 700 இல்ல 900 எம்எம் போகல் லெங்த், மேல கீழ, இடது வலதுன்னு சாதாரணமா திரும்பற ஆல்ட்-அசிமத் ஸ்டாண்டோட, இது போதும். வாங்கும்போது ஐபீஸ் ஒண்ணேகால் இன்ச் சைஸான்னு கேளுங்க, அதை விட சின்னது, 0.965 இன்ச்னு ஒரு பழைய சைஸ் இருக்கு, அது வந்தா அப்புறம் நல்ல ஐபீஸ் எதுவும் அதுல மாட்ட முடியாது. 25 எம்எம், 10 எம்எம் ரெண்டு ஐபீஸ் இருந்தா 900 குழாயில 36 பவரும் 90 பவரும் வரும், ஒரு பையனுக்கு ரெண்டு வருஷத்துக்கு இதுவே தாராளம். அப்புறம் ஸ்டாண்டு. எல்லாரும் குழாயைப் பார்க்கறாங்க, ஸ்டாண்டை யாரும் பார்க்கறதில்ல, ஆனா குழாய் நல்லா இருந்து கால் ஆடிச்சுன்னா 90 பவர்ல நிலா பிரேமுக்குள்ள டான்ஸ் ஆடும், பையன் மூணாவது நாள் செல்போனுக்கு போயிடுவான். கடையில நேர்ல பார்க்க முடிஞ்சா குழாயை விரலால லேசா தட்டிப் பாருங்க, ரெண்டு மூணு செகண்ட்ல ஆட்டம் நிக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ராத்திரி இல்ல, பகல்ல. மேல இருக்கற, குறி பார்க்கற சின்ன ஃபைண்டரையும் பெரிய குழாயையும் ஒரே இடத்தைப் பார்க்கற மாதிரி செட் பண்ணணும், தூரத்துல ஒரு செல்போன் டவர் உச்சியை வச்சு பண்ணலாம். சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது. இதைப் பண்ணாம ராத்திரி மொட்டை மாடிக்கு தூக்கிட்டு போய், ஒண்ணுமே தெரியல, சரக்கு டூப்ளிகேட்னு எழுதறவங்க தான் எனக்கு ஜாஸ்தி. படம் தலைகீழா, இல்ல இடம் வலம் மாறி தெரியறதும் கோளாறு இல்ல, வானத்துல எது மேல எது கீழன்னு யாருக்கும் கவலை இல்ல.

நிலாவைப் பௌர்ணமி அன்னைக்கு காட்டாதீங்க, கண்ணு கூசும், எல்லாம் தட்டையா தெரியும். வளர்பிறை பஞ்சமியில இருந்து தசமிக்குள்ள பாருங்க, வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல பள்ளத்தோட நிழல் எல்லாம் தனித்தனியா விழும். வியாழன்ல ரெண்டு பட்டையும் நாலு நிலாவும் தெரியும். சனியோட வளையம் 2025 மார்ச்ல நமக்கு விளிம்பைக் காட்டி கிட்டத்தட்ட காணாமலே போச்சு, இப்ப மெல்ல விரிஞ்சுட்டு வருது, வருஷத்துக்கு வருஷம் அழகாயிட்டே போகும்.

கேள்வி: தீபாவளி ஆஃபர்ல டெலஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன், நல்ல டிஸ்கவுண்ட் வரும்ல? (முத்தியால்பேட்டை)

பதில்: டிஸ்கவுண்ட் வரும், கூடவே வடகிழக்குப் பருவமழையும் வரும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம கரையோர ஊர்ல வானம் மூடித்தான் கிடக்கும். ரிட்டர்ன் டைம் பெரும்பாலும் 7 நாள், 10 நாள் தான் குடுக்கறாங்க, நீங்க முதல் நட்சத்திரத்தைப் பார்க்கறதுக்குள்ள அது முடிஞ்சு போயிடும். அதனால ஆஃபர்ல வாங்கறதுன்னா வாங்குங்க, ஆனா டப்பா வந்த அன்னைக்கே பிரிக்கறதை வீடியோ எடுத்துட்டு, பகல்ல தூரத்து டவரையோ தென்னை மரத்தையோ வச்சு போகஸ் கூர்மையா வருதா, போகஸ் திருகறப்ப படம் ஓடுதா, லென்ஸ்ல கீறல் இருக்கா, திருகாணி எல்லாம் வந்திருக்கான்னு பார்த்துடுங்க. மழையே பெஞ்சாலும் இதுக்கு ஜன்னல் போதும், ஆனா கண்ணாடி வழியா பார்க்காதீங்க, கதவைத் திறந்துட்டு பாருங்க.

பாண்டிச்சேரி மேகத்துக்கு பெரிய சரித்திரமே இருக்குங்க. லெ ஜான்டில்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர், 1761-ல சூரியனை வெள்ளி கடக்கறதைப் பார்க்க இங்க வரக் கிளம்பினாரு, வந்து சேர்றதுக்குள்ள ஊரு இங்கிலீஷ்காரன் கைக்கு போயிடுச்சு, ஆடற கப்பல்ல இருந்து ஒண்ணும் அளக்க முடியல. அடுத்த தடவைக்கு எட்டு வருஷம் காத்திருந்து, இங்கயே வந்து, இடிஞ்ச கோட்டையில கூடம் கட்டி, சென்னையில இருந்த இங்கிலீஷ்காரங்க அனுப்பின நல்ல டெலஸ்கோப்பையும் ரெடியா வச்சுக்கிட்டு உக்காந்தாரு, 1769 ஜூன் 4 காலையில சரியா அந்த நேரத்துக்கு மேகம் மூடிடுச்சு, எல்லாம் முடிஞ்ச அப்புறம் வெயில் அடிச்சுது. ஊருக்கு திரும்பிப் போனா செத்துட்டாருன்னு முடிவு பண்ணி சொத்தைப் பங்கு போட ஆரம்பிச்சிருந்தாங்க. நீங்க ஜனவரியில வாங்கினா இந்த வம்பு இல்ல, ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் தான் நமக்கு சீசன்.

கேள்வி: ரிட்டயர் ஆனவன். ஆன்லைன்ல 127 எம்எம் மிரர் டெலஸ்கோப், இக்வடோரியல் ஸ்டாண்டோட வாங்கினேன். விளம்பரத்துல 750 பவர், கலர் கலரா நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படம். நேர்ல பார்த்தா எல்லாம் மங்கல், ஸ்டாண்டு எப்படித் திருப்பினாலும் இடிக்குது. விக்கிறவன் சரக்கு நல்லாத்தான் இருக்கு, திரும்ப எடுக்க மாட்டேங்கறான். என்ன பண்றது? (திருப்பாப்புலியூர், கடலூர்)

பதில்: ஐயா, குழாய் அரை மீட்டர் நீளம் தானே இருக்கும், ஆனா போகல் லெங்த் 1000 எம்எம்னு எழுதியிருக்கும். ஐபீஸ் பக்கவாட்டுல மாட்டற இந்த மாதிரி மிரர் டெலஸ்கோப்ல குழாய் நீளமும் போகல் லெங்த்தும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், பாதி தான் இருந்தா ஐபீஸ் மாட்டற இடத்துல உள்ள ஒரு திருத்து லென்ஸ் ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம், பேர்ட்-ஜோன்ஸ்னு சொல்லுவாங்க. அந்த லென்ஸ் நல்லா பண்ணினா வேலை செய்யும், ஆனா மலிவு சரக்குல யாரு நல்லா பண்றா. மிரரை நேர் பண்றதும், அதான் காலிமேஷன், இதுல சாதாரண மிரர் டெலஸ்கோப்பை விட தொல்லை. புதுசா வாங்கறவங்க இந்த மாதிரி குட்டைக் குழாய் 114, 127 சைஸை ஒதுக்கிடறது நல்லதுன்னு தான் நான் எப்பவும் சொல்றது.

ஸ்டாண்டு இடிக்கறது உங்க தப்பு இல்ல. அந்த இக்வடோரியல் ஸ்டாண்டோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிக்கணும், ஐரோப்பாவுல அது உயரத்துல இருக்கும், நம்ம கடலூர்ல அடிவானத்துல இருந்து 12 டிகிரி உயரம் தான், கையை நீட்டி முஷ்டியை வச்சா ஒரு முஷ்டிக்கு கொஞ்சம் மேல, பக்கத்து வீட்டு தண்ணி டேங்கே மறைச்சிடும். அச்சை அவ்வளவு கீழ சாய்ச்சா எடைக்கல் வந்து ஸ்டாண்டு காலை இடிக்கும். படம் எடுக்கற ஆசை இல்லாதவங்களுக்கு நம்ம ஊர்ல இந்த ஸ்டாண்டே தேவையில்ல.

முதல்ல ஒரு டெஸ்ட். 4 எம்எம் ஐபீஸையும் பார்லோவையும் எடுத்து உள்ள வச்சிடுங்க, 20 எம்எம் மட்டும் போட்டா 50 பவர், அதுல அரை நிலாவைப் பாருங்க. கூர்மையா வந்தா குழாய் உயிரோட இருக்கு, அதோட பழகிக்கலாமான்னு யோசிங்க. அதுலயே மங்கல்னா சரக்கு கோளாறு, விடாதீங்க.

திரும்ப எடுக்க மாட்டேன்னு அவன் சுலபமா சொல்லிட முடியாது. 2020 இ-காமர்ஸ் விதிகள்ல தெளிவா இருக்கு, பொருள்ல கோளாறு இருந்தாலும் சரி, விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லைன்னாலும் சரி, விக்கறவன் திரும்ப எடுக்கவோ பணம் குடுக்கவோ மறுக்கக் கூடாது. 127 எம்எம் மிரருக்கு 750 பவர்ங்கறது கண்ணால பார்க்க உபயோகமே இல்லாத நம்பர், அதைத் தான் நீங்க பிடிக்கணும். விளம்பரப் பக்கத்தை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க, நாளைக்கு மாத்திடுவான். பில், டப்பா படம், சாட்ல அவன் சொன்ன பதில் எல்லாம் சேர்த்து அந்த சைட்டோட கிரீவன்ஸ் ஆபீசருக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும், அதுவும் அதே விதியில தான் இருக்கு. போன்ல சண்டை போடாதீங்க, எழுத்துல தான் போடணும். அதுக்கும் மசியலைன்னா 1915-க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும்னு தான் என் அபிப்ராயம். முடியலைன்னா கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விக்கறவன் டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போட 2019 சட்டம் வழி விட்டிருக்கு, குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் இருந்தா பீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும். நெபுலா கலர் கலரா தெரியலைங்கறது எந்த டெலஸ்கோப் மேலயும் சொல்ல முடியாத புகார். அந்தக் கலர் கேமரா மணிக்கணக்கா வெளிச்சம் சேர்த்து எடுத்தது, கண்ணுக்கு சாம்பல் கலர் புகை மாதிரி தான் தெரியும்.

கேள்வி: பாண்டியில ஒரு பழைய சாமான் கடையில பித்தளை டெலஸ்கோப், 1915 லண்டன்னு பொறிச்சிருக்கு, 4,500 சொல்றாங்க. பழசு நல்லா இருக்கும்ல? (அரியாங்குப்பம்)

பதில்: ஷோகேஸ்ல வைக்க நல்லா இருக்கும். இந்த மாதிரி பித்தளை சாமான், கப்பல் காம்பஸ் எல்லாம் ரூர்க்கி பக்கம் இன்னைக்கும் புதுசா செஞ்சு, கருக்க வச்சு, பழைய வருஷத்தைப் பொறிச்சு வர்றது தான் மார்க்கெட்ல ஜாஸ்தி. நிஜப் பழசா இருந்தாலும் முழம் நீளத்துக்கு இழுத்து கையில பிடிச்சுப் பார்க்கற குழாயில நட்சத்திரம் நிக்காது. பழசுன்னு அடிச்சு சொன்னா பில்லுல 1915-ல செஞ்சதுன்னு எழுதிக் குடுங்கன்னு கேளுங்க, அப்ப விலை எப்படி இறங்குதுன்னு பாருங்க.

கேள்வி: 26 வயசு, ஐடி வேலை, 60,000 வரைக்கும் ரெடி. ஒரே தடவையா நல்லதா வாங்கிடணும், கண்ணாலயும் பார்க்கணும், இன்ஸ்டாவுல போடற மாதிரி கேலக்ஸி போட்டோவும் எடுக்கணும். 8 இன்ச் டாப்சோனியன் வாங்கலாமா? (ரெட்டியார்பாளையம்)

பதில்: தம்பி, ரெண்டு ஆசையில ஒண்ணை இப்ப விடணும். ரெண்டையும் ஒரே சாமான்ல தேடினா 60,000-த்துக்கு ரெண்டுமே அரைகுறையா தான் வரும்.

கண்ணால பார்க்கத் தான்னா டாப்சோனியனை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. காசு முழுக்க மிரருக்கு போகுது, ஸ்டாண்டு ஒரு மரப்பெட்டி அவ்வளவு தான். இதைக் கண்டுபிடிச்ச ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோவுல ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்துல சாமியாரா இருந்தவர், கையில காசு கிடையாது, கப்பல் ஜன்னலுக்கு போடற தடிமன் கண்ணாடியைக் கையாலயே தேய்ச்சு மிரர் ஆக்கி, அட்டைக் குழாய்ல மாட்டினாரு. 1967-ல மடத்தை விட்டு அனுப்பிட்டாங்க, அவரு பாட்டுக்கு தெருமுனையில டெலஸ்கோப்பை வச்சு போறவன் வர்றவனை எல்லாம் கூப்பிட்டு சனியைக் காட்டிட்டு இருந்தாரு. இன்னைக்கு கம்பெனிக்காரங்க விக்கறது எல்லாம் அந்தச் சாமியார் டிசைன் தான்.

8 இன்ச்னா 203 எம்எம், 70 எம்எம் குழாயை விட எட்டு மடங்குக்கு மேல வெளிச்சம் பிடிக்கும். நம்ம ஊருக்கு இன்னொரு லாபமும் இருக்கு, தெக்கு வானம் நமக்கு நல்லா திறந்திருக்கு. ஒமேகா சென்டாரின்னு லட்சக்கணக்கான நட்சத்திரம் உருண்டையா சேர்ந்த ஒரு கூட்டம், ஏப்ரல் கடைசி, மே மாச ராத்திரியில தெக்க 30 டிகிரி உயரத்துக்கு வரும், பாரிஸ்ல உக்காந்திருக்கறவனுக்கு அது அடிவானத்துக்கு மேல வரவே வராது. 8 இன்ச்ல அதைப் பார்த்தவன் அப்புறம் இன்ஸ்டாவைப் பத்திப் பேச மாட்டான்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுப் படியை எண்ணிப் பாரு. குழாய் 1.2 மீட்டர் நீளம், அடிப்பெட்டியோட சேர்த்து 20 கிலோவுக்கு மேல வரும், ரெண்டு தடவையா தூக்கணும். மூணாவது மாடி வாடகை வீடு, லிப்ட் இல்ல, மொட்டை மாடி சாவி ஓனர் கிட்டன்னா 6 இன்ச்சோட நிறுத்திக்க, வெளிச்சம் பாதிக்கு கொஞ்சம் மேல தான் கிடைக்கும், ஆனா வாரம் நாலு நாள் வெளிய வரும். எவ்வளவு பெரிசு வாங்கறோம்ங்கறதை விட எத்தனை நாள் தூக்கிட்டுப் போறோம்ங்கறது தான் இந்த ஹாபியில கணக்கு. அடிப்பெட்டி பார்ட்டிகிள் போர்டு தான், நம்ம கடல் காத்து ஈரத்துல ஓரம் உப்பிக்கும், வந்ததும் வெட்டு விளிம்பு எல்லாத்துக்கும் வார்னிஷ் அடிச்சிடு. மொட்டை மாடி தளம் பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரி விட்டுக்கிட்டே இருக்கும், படம் கொதிக்கற மாதிரி ஆடும், எட்டு மணிக்கு பார்த்துட்டு சரக்கைத் திட்டாம பதினோரு மணிக்கு ஒரு தடவை பாரு.

போட்டோ தான் முக்கியம்னா டாப்சோனியன் வேண்டவே வேண்டாம். செல்போனை ஐபீஸ்ல மாட்டி நிலா எடுக்கலாம், வியாழன் சுமாரா வரும், அதோட சரி. கேலக்ஸிக்கு பூமி சுத்தற வேகத்துக்கு ஈடா திரும்பற மோட்டார் ஸ்டாண்டு வேணும், கேமரா வேணும், லேப்டாப் வேலை வேற. இல்லைன்னா இப்ப சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் வருது, அதோட எஸ்50 மாடல்ல லென்ஸ் 50 எம்எம் தான், ஐபீஸே கிடையாது, அதுவா தேடி அதுவா நிறைய படம் எடுத்து ஒண்ணா அடுக்கி உன் போனுக்கு அனுப்பிடும். ஊர் வெளிச்சத்துலயும் நல்ல படம் வருது, ஒத்துக்கறேன். எனக்கு அது டிவி பார்க்கற மாதிரி இருக்கு, உனக்குப் பிடிக்கலாம். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்கவரி, ஜிஎஸ்டி சேர்த்து கணக்கு போடு, வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு எழுத்துல வாங்கு.

கேள்வி: அரசுப் பள்ளி டீச்சர். ஸ்கூலுக்கு ஒருத்தர் டெலஸ்கோப் நன்கொடையா குடுத்தாரு, கூட ஐபீஸ்ல திருகற மாதிரி கறுப்பா ஒரு சன் பில்டர் இருக்கு. அதைப் போட்டு பிள்ளைங்களுக்கு சூரியனைக் காட்டலாமா? (பாகூர்)

பதில்: டீச்சர், அந்தச் சின்ன பில்டரை இன்னைக்கே சுத்தியலால உடைச்சு குப்பையில போட்டுடுங்க, உள்ள வச்சிருந்தா நீங்க இல்லாதப்ப யாராவது எடுத்துப் போடுவாங்க. முன் லென்ஸ் சூரிய வெளிச்சத்தை எல்லாம் ஒரு புள்ளியா குவிச்சு அனுப்புது, அந்தப் புள்ளிக்கிட்ட தான் இந்த பில்டர் உக்காந்திருக்கு, சூட்டுல பட்டுனு வெடிச்சா கண் இமைக்கறதுக்குள்ள விழித்திரை போயிடும், வலி கூடத் தெரியாது. பில்டர்னா வெளிச்சம் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே, குழாயோட முன்வாய் முழுசையும் மூடற மாதிரி இருக்கணும். அதுக்குன்னே சோலார் பில்ம் ஷீட் வருது, வாங்கி அட்டையில சட்டம் பண்ணி, காத்துல பறக்காத மாதிரி டேப் போட்டு ஒட்டணும், ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துல பிடிச்சு ஊசி ஓட்டை இருக்கான்னு பார்க்கணும். ஃபைண்டரைக் கழட்டி பையில போட்டுடுங்க, அதுவும் ஒரு குட்டி டெலஸ்கோப் தான். எக்ஸ்ரே பில்ம், கூலிங் கிளாஸ், வெல்டிங் கண்ணாடி எதையும் குழாயோட சேர்க்கக் கூடாது.

பிள்ளைங்க முப்பது நாப்பது பேர்னா எனக்குப் பிடிச்ச வழி வேற. ஒரு சின்ன முகம் பார்க்கற கண்ணாடியை, நடுவுல ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்ட பேப்பரால மூடி, வெயில்ல வச்சு, தூரத்து இருட்டு ரூம் சுவத்துல அடிங்க, பதினஞ்சு இருபது மீட்டர் தூரம் கிடைச்சா கிட்டத்தட்ட ஒரு சாண் அளவுக்கு சூரியன் வட்டமா விழும், எல்லாரும் ஒரே நேரத்துல சுவத்தைப் பார்க்கலாம், கண்ணாடிப் பக்கம் மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. இப்பவே பழகிட்டா 2031 மே 21-ல கேரளா, தென் தமிழ்நாடு வழியா வளைய கிரகணம் போகுது, நமக்கு இங்க பெரிய பகுதி கிரகணமா தெரியும், அன்னைக்கு கையில வேலை ரெடியா இருக்கும்.

கேள்வி: வீடு தேவனாம்பட்டினம், வெள்ளி கடற்கரையில இருந்து நடக்கற தூரம். போன வருஷம் வாங்கின டெலஸ்கோப் லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கு. வேட்டித் துணியில துடைச்சேன், போகல.

பதில்: முதல்ல துடைக்கறதை நிறுத்துங்கண்ணே. அது பூஞ்சை, துடைச்சா போகாது, உப்புத் தூசியோட தேய்ச்சா கோட்டிங் தான் போகும். லென்ஸோட வெளிப்பக்கம் மட்டும்னா கேமரா ரிப்பேர் பண்றவங்க கிட்ட குடுத்தா எடுத்துடுவாங்க, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுலன்னா நீங்களா பிரிக்காதீங்க, திரும்ப மாட்டறப்ப நேர் மாறிடும்.

கடலோரத்துல எல்லாரும் பண்ற வேலை, பார்த்து முடிச்சதும் பனி ஈரத்தோடயே மூடியைப் போட்டு பையில திணிச்சு பீரோ மேல ஏத்திடறது. ஈரமும் இருட்டும் சேர்ந்தா பூஞ்சைக்கு வேற என்ன வேணும். ராத்திரி வீட்டுக்குள்ள கொண்டாந்ததும் குழாய் வாயைக் கீழ்ப்பக்கம் சாய்ச்சு ஃபேன் காத்துல ஒரு மணி நேரம் விடுங்க, காஞ்ச அப்புறம் தான் மூடி. ஐபீஸ் எல்லாம் ரப்பர் வாஷர் வச்ச டப்பாவுல, நிறம் மாறற சிலிக்கா ஜெல்லோட போடுங்க, நிறம் மாறினா சூடு பண்ணி திரும்ப உபயோகிக்கலாம். அரிசிக்குள்ள புதைச்சு வைக்கச் சொல்லுவாங்க, மாவுத்தூசி தான் மிச்சம். குழாய் முன்னாடி கறுப்பு சார்ட் அட்டையை உருட்டி குழாய் அகலத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமா மாட்டிட்டா பனி இறங்கறது பாதி குறையும். வெறும் தூசின்னா ரப்பர் பிளோயரால ஊதினா போதும், கொஞ்சம் தூசி இருந்தா படம் ஒண்ணும் கெட்டுப் போகாது, சுத்தம் பண்றேன்னு கெடுத்தவங்க தான் அதிகம்.

கேள்வி: சண்டே மார்க்கெட்ல சிவப்புக் கண்ணாடி பைனாகுலர் 1,500 ரூபாய்க்கு கிடைக்குது. டெலஸ்கோப்புக்கு பதிலா இது போதுமா? நெய்வேலி லைட், சிப்காட் லைட் இல்லாம எங்க போய்ப் பார்க்கறது? (நெல்லிக்குப்பம்)

பதில்: பைனாகுலர் ஐடியா சூப்பர், அந்தப் பைனாகுலர் வேண்டாம். சிவப்புக் கோட்டிங் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கறதுனால தான் சிவப்பா மின்னுது, ராத்திரிக்கு நமக்கு வேண்டியது அந்த வெளிச்சம் தான். நல்ல கோட்டிங் லேசா பச்சையோ ஊதாவோ அடிக்கும், உள்ள பார்த்தா கண்ணாடி இருட்டா தெரியும். 20-180 ஜூம்னு போட்டிருக்கறதும் டெலஸ்கோப் டப்பாவுல 675 போட்ட ஆளுங்க வேலை தான். 10x50 போதும், 10 பவர், 50 எம்எம் லென்ஸ், அதை விடப் பெரிசு கையில நிக்காது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் டெலஸ்கோப்பை விட இதுல தான் அழகா அடங்கும்.

இடம்னா, கடலைப் பார்த்து நின்னா கிழக்கு எப்பவுமே இருட்டு, செலவில்லாம கிடைக்கறது அது. முழு இருட்டு வேணும்னா பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் தெக்க இறங்குங்க, இல்ல செஞ்சி தாண்டி மேக்கால போங்க. ஒரு தடவை ஆலங்காயம் பக்கம் காவலூருக்கும் போயிட்டு வாங்க, ஜவ்வாது மலையில 1986-ல திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் அங்க தான் இருக்கு. சனிக்கிழமை பொதுமக்களை விடறது வழக்கம், மேகம் இருந்தா சின்ன டெலஸ்கோப்லயும் காட்ட முடியாது, அதனால போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க.